கிணற்றோரத்து நாலு வரிசை

பங்குனி, வெள்ளி இரவு

மாமா, தூக்கமே வரவில்லை. நீ போன பிறகு நான் போட்ட முதல் மல்லாட்டையை இன்று பிடுங்கினோம். கொத்துக் கொத்தாகக் கடலைக்காய்! "செவுத்துக்குப் பூசுறத செடிக்குப் போடுவாங்களா?" என்று நீ சிரித்தாயே, அந்த ஜிப்சத்தைத்தான் போட்டேன். மகளிர் சங்கத்துப் பெண்கள் எல்லாரும் வந்து கூடவே மண் அணைத்தார்கள். தனியாக என்றால் துணிந்திருக்க மாட்டேன். கிணற்றோரம் நாலு வரிசை மட்டும் உன் வழக்கப்படியே விட்டேன்.

"வெளையலன்னா நிலத்த எங்கிட்ட வுட்டுடுங்க அண்ணி" என்று சொல்லிக்கொண்டிருந்த உன் தம்பி, இரண்டு பக்கத்துச் செடியையும் தூக்கிப் பார்த்தான். உன் வரிசையில் பாதிக் காயில் பருப்பே இல்லை.

"என்னையும் சங்கத்துல சேத்துக்குவீங்களா?" என்றான்.

"மொதல்ல குந்திக்கினு காய் ஆயுப்பா" என்றாள் சங்கத் தலைவி. ஒரே சிரிப்பு.

உன் வரிசைக் காயை மட்டும் மடியில் கட்டிக்கொண்டு வந்தேன். நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாயா, கோபித்திருப்பாயா மாமா?