பத்து நாற்பதுக்கு நான் எழுதியது

ஜூன் 9, திங்கள்

இன்று ஒரு மூன்று வயதுப் பையனைக் கிள்ளிவிட்டேன். எழுதிப் பார்த்தால் இன்னும் அசிங்கமாக இருக்கிறது. எனக்கு வயது ஐம்பத்திரண்டு.

தம்பி மகளை மழலையர் வகுப்பில் புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள். முதல் வாரம் வீட்டு ஆள் ஒருவர் கூடவே உட்கார வேண்டுமாம். தம்பி மனைவிக்கு லீவு இல்லை. "அண்ணி, நீங்க வீட்ல சும்மா எழுதிட்டுத்தானே இருக்கீங்க?" என்றாள். இருபது வருடமாக வாரப் பத்திரிகையில் நகைச்சுவைப் பக்கம் எழுதுகிறேன். இதைவிடச் சுருக்கமான விமர்சனம் இதுவரை வந்ததில்லை.

உள்ளே பதினான்கு உருப்படிகள். எல்லாம் இரண்டிலிருந்து நான்கு வயதுக்குள். ஒருத்தி ஜக்கிலிருந்து கோப்பைக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள், கோப்பையிலிருந்து தரைக்கு ஊற்றுகிறாள், துடைக்கிறாள், மறுபடி ஊற்றுகிறாள். அரசாங்க வேலைக்கு இப்போதே தயார். ஒருவன் பசையை நக்கி ருசி பார்க்கிறான். பெரிய மிஸ் ஃபைலும் கையுமாக மேற்பார்வை. மூக்கு துடைப்பது, ஜட்டி மாற்றுவது, அழுகிறவனோடு சேர்ந்து உட்கார்ந்து அவன் நிறுத்துகிறவரை காத்திருப்பது, எல்லாம் சின்ன மிஸ். இருபத்தைந்து வயதிருந்தால் அதிகம்.

வந்து உட்காருகிறவர்களுக்கு விதிகள் உண்டு. பேசக் கூடாது, உதவக் கூடாது, தொடவே கூடாது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்ததைத் தாளில் எழுத வேண்டும். உட்காரக் குட்டி நாற்காலி. அதில் என் பாதிதான் உட்கார்ந்தது, மீதி நின்றுகொண்டிருந்தது. முயல் படம் போட்ட சட்டைக்காரன் ஒருவன் வந்தான். என்னை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தான். "குண்டுப் பாட்டி" என்றான், அறைக்கே கேட்கிற மாதிரி. இரண்டு வாண்டுகள் சிரித்தன.

கை தானாகப் போய்விட்டது. இடது கை, உள்பக்கம், முழங்கைக்கு மேலே. அவன் அழவில்லை. வாயைத் திறந்தபடி என்னையே பார்த்தான். சின்ன மிஸ் அந்தப் பக்கம் திரும்பி யாருக்கோ மூக்கு துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 10, செவ்வாய்

இவர்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறதாம். எனக்கு யார் சொன்னார்கள்? காலையில் வந்ததும் ஒருமுறை, போகும்போது ஒருமுறை, ஒவ்வொரு குழந்தையின் கை காலையும் பார்க்கிறார்கள். காயம், தடிப்பு, கொசுக்கடி எதுவானாலும் குழந்தை உருவம் வரைந்த ஒரு தாளில் அந்த இடத்தில் சிவப்புப் புள்ளி. முயல் சட்டைக்கு நேற்றுக் காலையில் புள்ளி இல்லை. மதியம் இருக்கிறது.

அவன் அம்மா காலையிலேயே வந்து ஒரு மூச்சு கத்திவிட்டுப் போனாளாம். பெரிய மிஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உள்ளதான் நடந்திருக்கு மேடம். யாரோ பெரியவங்க கைதான்."

"பையனைக் கேட்டீங்களா?" என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது.

"கேட்டோம். ஒண்ணும் சொல்லல."

தங்கமான பையன்.

ஜூன் 11, புதன்

மாட்டிக்கொண்டேன் என்றுதான் நினைத்தேன். பெரிய மிஸ் மேசையில் நான் திங்கட்கிழமை எழுதிய தாள். "நீங்க வெளி ஆள், எழுத்தாளர் வேற. உங்க கண்ணு தப்பாது" என்று விரலை ஒரு வரியில் வைத்தார்.

"10.40: சின்ன மிஸ் முயல் சட்டையைக் கையைப் பிடித்து இழுத்துப் போகிறார், பழுதான காரை லாரி இழுத்துப் போகிற மாதிரி. கை கழன்று வராதது ஆச்சரியம்."

நடந்தது இதுதான்: மணல் தொட்டியை விட்டு வரமாட்டேன் என்று அவன் உட்கார்ந்துகொண்டான். அவள் மண்டியிட்டு, விரலை நீட்டி, அவனாகப் பிடித்துக்கொள்ளும்வரை காத்திருந்து, நடத்திக் கூட்டிப் போனாள். இதை எழுதினால் யார் சிரிப்பார்கள்? ஒன்றைப் பத்தாக்குவது என் தொழில். அந்தத் தாளில்கூடத் தொழிலை விடவில்லை நான்.

"இது நடந்ததா மேடம்?"

வாய்விட்டுச் சிரித்து, "ஐயோ, அது சும்மா தமாஷுக்கு எழுதினது" என்று சொல்லியிருக்கலாம். அடுத்த கேள்வி என்ன வரும்? அப்போ யாரு? அறையில் இருந்த பெரியவர்கள் மூன்றே பேர். ஃபைலைப் பிடித்திருக்கிற கை கிள்ளாது.

"நான் பார்த்ததைத்தான் எழுதியிருக்கேன்" என்றேன்.

ஜூன் 12, வியாழன்

போகவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டேன். தலைக்கு ஒரு கேடும் இல்லை.

ஜூன் 13, வெள்ளி

வாசலிலேயே சின்ன மிஸ். தோளில் பை, கையில் மடித்த ஏப்ரன். ஓடிவிடலாமா என்று பார்த்தேன்; இந்த உடம்போடு எங்கே ஓடுவது?

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

"மேடம், நான் அவனை அப்படி இழுத்தேனா? ரெண்டு நாளா யோசிக்கிறேன், ஞாபகமே வரல. நீங்க எழுதியிருக்கீங்கன்னா இழுத்திருப்பேன் போல. எங்கம்மா புக்கு வந்ததும் உங்க பக்கத்தைத்தான் முதல்ல பிரிப்பாங்க. நீங்க ஏன் பொய் எழுதப்போறீங்க?"

"இனி என்ன பண்ணப் போறே?"

"பிள்ளைங்க பக்கமே போக முடியாது மேடம். போற இடமெல்லாம் இங்க ஃபோன் பண்ணிக் கேப்பாங்கல்ல."

கண்ணைத் துடைக்காமலே நின்றாள். "கடவுள் பார்த்துப்பார்மா" என்றேன். சொன்னேனே! வாய் கூசவில்லை. தோளில் தட்டிக்கூடக் கொடுத்தேன், அதே கையால்.

ஜூன் 16, திங்கள்

உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் கிளம்பினேன். ஆட்டோவில் மூன்று முறை ஒத்திகை பார்த்தேன். மூன்றாவது முறை கொஞ்சம் வேடிக்கையாகக்கூட வந்தது — சீ.

பெரிய மிஸ் காப்பி வரவழைத்தார். பெரிய நாற்காலி போடச் சொன்னார். "நீங்க அன்னிக்கு இல்லேன்னா எங்க பேரே கெட்டிருக்கும். எங்க வகுப்பைப் பத்தி உங்க பக்கத்துல ஒரு வரி எழுதுங்களேன்" என்றார்.

காப்பி நன்றாக இருந்தது. எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வேறொன்றும் சொல்லவில்லை. நான் எதற்காகப் போனேன்?

ஜூன் 23, திங்கள்

பத்திரிகை வந்துவிட்டது. ஜக்குக்காரி, பசை நக்குகிறவன், குட்டி நாற்காலியில் நான் பாதி. சின்ன மிஸ் இல்லை; இருந்த இடமே தெரியவில்லை, அப்படி எடுத்திருக்கிறேன். ஆசிரியர், "ரொம்ப நாளைக்கப்புறம் பழைய ஃபார்ம்" என்றார். தம்பி மனைவி, "அண்ணி, வயிறு வலிக்குது போங்க" என்றாள்.

தம்பி மகள் குட்டி, வகுப்பிலிருந்து அழுதுகொண்டே வருகிறாளாம். புது மிஸ் யாருக்காகவும் காத்திருப்பதில்லையாம்.

ஜூன் 27, வெள்ளி

குட்டியைக் கூட்டிவர நான்தான் போனேன். கேட்டருகே ஒரு பெண் ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். இடுப்பில் பையன். இன்று வேறு சட்டை. என்னைக் கண்டதும் அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

"நீங்க எழுதி வெச்சதாலதாங்க தெரிஞ்சுது. இல்லேன்னா யாருக்குத் தெரிஞ்சிருக்கும்? இவனா சொல்லுவான்? மூணு வயசு முடிஞ்சிடுச்சுங்க. இன்னும் ஒரு வார்த்தைகூட வரல. அம்மான்னு ஒரு தடவை கூப்பிட்டதில்ல."

வீட்டுக்கு வந்து ஜூன் 9 பக்கத்தைத் திருப்பினேன்: "குண்டுப் பாட்டி" என்று என் கையெழுத்தில்தான் இருக்கிறது.