மூன்றாம் மாடிக்கு ஏறி வந்த மேப்பிள்

என்றும் என் அன்புக்குரிய இஞ்சாருங்கோ,

உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எனக்குப் பழக்கமில்லை. கடிதத்தில் மட்டும் எப்படி வரும்? ஒரு செய்தி சொல்லத்தான் எழுதுகிறேன். கட்டடத்தின் பின்புறப் புல்வெளியில் நீங்கள் நட்ட மேப்பிள் மரம் நம் மூன்றாம் மாடி ஜன்னலுக்கு வந்துவிட்டது.

நடும்போது அது உங்கள் தோளுக்குக்கூட இல்லை. லா சப்பல் ரயில் தண்டவாளங்களைப் பார்த்த நம் வீடு கோடையில் எப்படிக் கொதிக்கும்! குடியிருப்பு நிர்வாகம் ஒரு மரம் வைக்கச் சம்மதித்ததும், கீழ்வீட்டுப் புதுச்சேரி ஐயா, "ஓக் வைங்க முசியே, மெதுவா வளந்தாலும் உறுதியா நிக்கும்," என்றார்.

நீங்கள் சிரித்தீர்கள். "ஓம் ஐயா, ஆனா அது நிழல் தரேக்கை நான் இருக்கமாட்டன். எனக்குக் கெதியா வளருற மரம் வேணும்."

வைத்தியர் அப்போதே உங்களிடம் சொல்லியிருந்தாரா? என்னிடம் ஏன் சொல்லவில்லை?

நீங்கள் கண்மூடியபோது அது முதல் மாடியைத் தொட்டிருக்கவில்லை. பிறகு அது ஏறிய வேகத்தை நான் வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். காற்றடித்தால் இலைகளெல்லாம் ஒன்றாகப் புரண்டு, அடிப்புறத்து வெள்ளி பளீரென்று தெரியும். சமைத்துக்கொண்டிருந்தாலும் ஒரு கணம் கை நின்றுவிடும்.

போன இலையுதிர்காலப் புயலில், அடிமரம் இரண்டாகப் பிரியும் கவட்டில் பெரிய கிளையொன்று பிளந்து சைக்கிள் கொட்டகைமேல் விழுந்தது. ஒருவருக்கும் காயமில்லை. ஆனாலும் குடியிருப்பவர்கள் கூட்டம் போட்டு, "வெட்டிவிடுவோம்" என்றார்கள். அவர்கள் பயம் பொய்யில்லை. வேகமாக வளரும் மரத்துக்கு வைரம் குறைவு.

நான் எழுந்தேன். பேக்கரியில் பாண் வாங்குவதற்கு மேல் பிரெஞ்சு பேசாதவள்! மகள் ஆரணி எனக்காக மொழிபெயர்க்க எழும்பினாள்.

"இரு பிள்ளை, நானே சொல்லுறன்," என்றேன்.

எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் கேட்டேன்: "இந்தக் கோடையில் உங்கள் பிள்ளைகள் எங்கே விளையாடினார்கள்? அந்த நிழலில்தானே? வெட்டுவதற்கு முன் மரம் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்." எனக்கு ஆதரவாக முதலில் கை உயர்த்தியவர் புதுச்சேரி ஐயா.

மரம் பராமரிப்பவர் வந்து, கயிற்றில் ஏறிக் கவட்டைத் தட்டிப் பார்த்தார். பாரம் குறையக் கிளைகளைக் கத்தரித்தார். பிரியும் இடத்தை உருக்குக் கம்பியால் இழுத்துக் கட்டினார். குளிர்காலந்தோறும் கவனித்தால் நிற்கும் என்றார். மரம் தப்பியது.

குளிர் முழுதாக விடுமுன்பே, இலையில்லாத கிளைகளில் சிவந்த பூக்கள் வந்தன. முறிந்த இடத்துக்குக் கீழே குருத்துகள் வெடித்தன. வெட்டுப்பட்ட உடம்புக்கு இவ்வளவு உயிர் எங்கிருந்து வருகிறது?

பிறகு சிறகு வைத்த விதைகள் சுழன்று சுழன்று இறங்கின. சில நாட்களில், ஜன்னலோரக் கறிவேப்பிலைத் தொட்டிக்குள் இரண்டு சின்ன இலைகள் எட்டிப் பார்த்தன.

"மமோன், ரெகார்!" என்று என்னைப் பார்க்கக் கூப்பிட்டு ஓடிவந்தாள், எதற்கும் பிரெஞ்சிலேயே பதில் சொல்லும் நம் மகள். தொட்டிக்கு முன் முழந்தாளிட்டவள், மெதுவாகத் தமிழுக்கு மாறினாள்.

"அம்மா, அப்பான்ர மரம் குட்டி போட்டிருக்கு."

குளிர்காலந்தோறும் உங்கள் மரத்துக்கு ஆளைக் கூப்பிடுவேன். இந்தக் குட்டிக்கும் வேர் விட்டுப் பரவ அகலமான நிலமொன்று தேடுவேன். இது என் வாக்கு.

என்றும் உங்கள் மனைவி,
ஆரணியின் அம்மா