மேற்குச் சுவரில் மூன்று நிறங்கள்

திண்டுக்கல்,
ஆடி 9.

அன்புத் தம்பி ராஜ்கமலுக்கு,

அக்கா பானுப்ரியா எழுதுவது. நீயும் உன் மனைவியும் குழந்தை பரணியும் சென்னையில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய். எனக்கும் பேச்சுக்கு முன்னால் அழுகை வந்துவிடும். அதனால்தான் கடிதம்.

அப்பாவின் திதி நல்லபடியாக முடிந்தது. மோட்டார் பழுதாகி இரண்டு நாள் தண்ணீர் சுமந்தேன். இப்போது சரி.

மாடி அறை விஷயத்துக்கு வருகிறேன். சித்திரையில் வந்தபோது, "அது ஒன் ரூம்க்கா, ஒனக்குப் புடிச்ச கலரு பாத்துக்க" என்றாய். போன மாதம் பெயிண்டர் பாஸ்கலையும் அனுப்பினாய். அவர் மேற்குச் சுவரைச் சுரண்டி, பட்டி பார்த்து, மஞ்சள், நீலம், இளம்பச்சை என்று மூன்று நிறங்களை முழம் அகலத்துக்குப் பூசிக் காட்டினார். காய்ந்த பிறகுதான் உண்மை நிறம் தெரியும், காலையிலும் சாயங்காலத்திலும் பாருங்கள் என்றார்.

பார்த்தேன். மருந்துக்கடை வேலைக்குக் கிளம்பும்போதும், திரும்பி வந்ததும், தினமும் மாடியேறிப் பார்த்தேன். மஞ்சள் காலை வெயிலில் கண்ணைக் கூச வைத்தது. நீலம் காலையில் அழகு, பொழுது சாய்ந்தால் இருண்டுவிடும். பச்சைதான் எப்போதும் ஒரே மாதிரி இருந்தது. இங்கே திரும்பி வருமுன் பதினொரு வருஷம் அந்த மனிதரோடு குடித்தனம் நடத்தினேன், அங்கே ஒரு திரைச்சீலைகூட நான் சொல்லி மாட்டியதில்லை. அதனால் கடையில் கூட வேலை பார்க்கும் தீபாவிடம் இதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். சிரிக்காதே.

ஞாயிற்றுக்கிழமை ஒட்டன்சத்திரத்திலிருந்து நல்லுசாமி என்பவர் மனைவியோடு வந்தார். உன் பெயரைச் சொன்னதால் உள்ளே அழைத்தேன். மாடி அறையை டேப் வைத்து அளந்துவிட்டு, "ஏனுங்க, பச்ச வேண்டாமுங்க. பையன் படிக்கற ரூமு, நீலமே போதுமுங்க. ஆவணியில காலி பண்ணிக் குடுத்துருவீங்கன்னு தம்பி சொன்னாருங்க" என்றார்.

எனக்குத் தெரியாது என்று நான் சொல்லவில்லை. உன் மானம் போகக்கூடாதென்று காப்பி போட்டுக் கொடுத்து அனுப்பினேன்.

அவர்கள் போன பிறகுதான் தை மாதம் ஞாபகத்துக்கு வந்தது. வீட்டு வரிக்குப் பெயர் மாற்ற வேண்டும் என்று பத்திர ஆபீசுக்குக் கூட்டிப் போனாய். எங்கே கையெழுத்து என்று மட்டும்தான் கேட்டேன். நீ விரல் வைத்த இடத்திலெல்லாம் போட்டேன். என் பங்கை விட்டுக்கொடுத்த பத்திரம் அது என்று இப்போது தெரிகிறது.

மறுநாள் பாஸ்கலைக் கேட்டேன். அவர் சொன்னார்: "அக்கா மனசு ஆறுறதுக்கு ரெண்டு மூணு கலரு பூசிக் காட்டுங்க, வேலைய ஆவணிக்குப் பெறகு பாத்துக்கலாம்னு சாரு சொன்னாருக்கா. எனக்கு முழு விவரம் தெரியாதுக்கா."

வீட்டை விற்றதைக்கூட என்றாவது பொறுத்துக்கொள்வேன். உனக்கு என்ன நெருக்கடியோ. கேட்டிருந்தால் நானே வந்து கையெழுத்துப் போட்டிருப்பேன். ஆனால் அழுகிற பிள்ளைக்குக் கிலுகிலுப்பை ஆட்டுவது போல என்னைச் சுவர் பார்க்க வைத்தாயே, ராசா. ஒரு மாதம் தினமும் படியேறினேனே.

வக்கீலைப் பார் என்கிறாள் தீபா. போகவில்லை. நாகல் நகரில் அவள் தெருவிலேயே ஓர் அறை வாடகைக்குக் கிடைத்திருக்கிறது. ஆடி முடிவதற்குள் போய்விடுவேன். அம்மாவின் தையல் மிஷினை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

பரணிக்குச் சளி விட்டதா? மழையில் விடாதே. உன் வீட்டில் எல்லாரும் நிறைவாக இருங்கள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். சாவியைக் கூரியரில் அனுப்பு என்றோ, பாஸ்கலிடம் கொடு என்றோ சொல்லிவிடாதே. நீயே வா. என் முகத்தைப் பார்த்து, என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போ.

உன் அக்கா,
பானுப்ரியா.