சிரித்தமுகம் உடையப்பன் பாடிய லாரிச் சிந்து

786
பேகம்பூர், திண்டுக்கல்
9-3-1964

‘சிறுமலை லாரி விபத்துச் சிந்து’ எழுதிப் பாடிவரும் எரியோடு ‘சிரித்தமுகம்’ உடையப்பன் அவர்களுக்கு,

உங்கள் சுகத்தை விசாரிக்க இதை எழுதவில்லை. முகவரி உங்கள் புத்தகத்தின் பின்னட்டையில் கிடைத்தது. பல் தெரியச் சிரிக்கும் உங்கள் போட்டோவுக்குக் கீழே அச்சடித்திருக்கிறீர்கள்.

போன மாதம் மூன்றாம் தேதி சிறுமலைச் சாலையில் வாழைத்தார் ஏற்றிவந்த லாரி உருண்டு ஐந்து பேர் இறந்துபோனார்கள். அதை ஓட்டிவந்த நூர் அகமது என் கணவர். இதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, நீங்கள்தான் எட்டுப் பக்கத்தில் ஊருக்கெல்லாம் சொல்லிவருகிறீர்களே.

நேற்று என் மகள் ஜெய்தூன் தெருவில் விளையாடிவிட்டுப் பாடிக்கொண்டே உள்ளே வந்தாள். அவளுக்கு ஆறு வயது.

சிறுமலை வளைவினிலே – காலைச்
சில்லென்ற பொழுதினிலே
சாராய மயக்கத்திலே – நூர் அகமது
சக்கரம் திருப்பலையே

“அம்மா, அத்தா பேரு வச்சுப் பாட்டு வந்திருக்கும்மா” என்று என் மடியில் வந்து உட்கார்ந்தாள். சாராய மயக்கம் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது. அத்தா பெயர் வருகிறது, அதனால் அவளுக்கு அந்தப் பாட்டு பிடித்துவிட்டது. மறுபடி மறுபடி பாடிக் காட்டினாள், நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

என் கணவர் சாராயத்தை ஒருநாளும் தொட்டதில்லை. அந்த வரியை எடுத்துவிடுங்கள். நான் இத்தாவில் இருக்கிறேன். கணவனை இழந்தவள் நான்கு மாதம் பத்து நாள் வாசல் தாண்டாமல் இருப்பது எங்கள் வழக்கம். அது இல்லாவிட்டால் இந்தக் கடிதம் வந்திருக்காது, நானே வந்திருப்பேன். அந்நிய ஆணுக்கு எழுதலாமா என்று மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் அண்ணன் நைனா முகமதுதான் தபாலில் சேர்க்கிறார்.

இப்படிக்கு,
நூர் அகமது மனைவி தாஹிரா

*

முருகன் துணை
எரியோடு
16-3-64

அன்புச் சகோதரி தாஹிரா அவர்களுக்கு, சிரித்தமுகம் உடையப்பன் கைகூப்பி எழுதிக்கொண்டது.

தங்கள் துக்கத்தில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் கோபத்தில் எழுதியிருக்கிறீர்கள். கோபம் வயிற்றுக்கும் ஆகாது, தொண்டைக்கும் ஆகாது. இருபது வருடமாகச் சந்தை சந்தையாகப் பாடுகிறவன் சொல்கிறேன்.

என் தொழிலைக் கொஞ்சம் கேளுங்கள். சிந்து என்றால் முதலில் சாமி காப்பு, பிறகு நடந்த சேதி, அது ஏன் நடந்தது, பிறகு அழுகை, கடைசியில் புத்திமதியும் மங்களமும். ‘ஏன் நடந்தது’ என்ற இடத்தைக் காலியாக விட்டால் கூட்டம் கலைந்துவிடும். மூன்றாம் நாள் புத்தகம் சந்தைக்கு வந்தாக வேண்டும். நான்காம் நாள் போனால் அங்கே இன்னொருவன் கஞ்சிராவைத் தட்டிக்கொண்டிருப்பான்.

நான் சாவைப் பாடுகிறவன்தான், ஆனால் யாரையும் அழவிட்டு அனுப்பியதில்லை. மங்களம் பாடாமல் கஞ்சிராவைக் கீழே வைத்ததில்லை. மழையில் பத்துப் பேர் நின்றாலும் பத்தாயிரம் பேர் நிற்பதாக நினைத்துத்தான் பாடுவேன். புத்தகத்தைக் கையில் கொடுக்கும்போது ஒவ்வொருவரிடமும் “சிரிச்ச முகமா இருங்க” என்று சொல்லித்தான் கொடுப்பேன். அப்படி வந்ததுதான் இந்தப் பட்டப்பெயர். என் ஒரே பிள்ளை காய்ச்சலில் போன மூன்றாம் நாள், பழனித் தைப்பூசத்தில் நின்று முழுசாகப் பாடினேன். யாருக்கும் தெரியாது. மனசை அப்படிப் பழக்கிக்கொள்ள வேண்டும், சகோதரி.

வரி விஷயம். என் கணவர் குடிப்பார் என்று எந்த மனைவியும் எழுத மாட்டாள். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பிள்ளை பாடுகிறது என்றீர்கள், கேட்கச் சந்தோஷமாக இருந்தது.

தாங்களும் சிரித்த முகமாக இருக்க வேண்டுகிறேன்.
உடையப்பன்

*

786
பேகம்பூர்
25-3-1964

உடையப்பன் அவர்களுக்கு,

என் மகள் பாடுவது உங்களுக்குச் சந்தோஷம் என்று எழுதிய வரியை அண்ணனிடம் காட்டினேன். அன்றைக்கே எரியோட்டுக்கு பஸ் ஏறுகிறேன் என்றார். நான்தான் தடுத்தேன். உங்களை அடித்தால் அதற்கும் ஒரு சிந்து போடுவீர்கள்.

பிப்ரவரி மூன்றாம் தேதி எங்களுக்கு என்ன நாள் என்று யாரையாவது கேட்டீர்களா? ரமலான் மாதம், பதினெட்டாம் நோன்பு. விடியுமுன் சஹர் சோறு சாப்பிட்டு, நோன்பு பிடிக்கிறேன் என்று நிய்யத் வைத்துவிட்டுப் போன மனிதர். லாரி உருண்டபோது அவர் வாயில் பச்சைத் தண்ணீர்கூடப் படவில்லை. அந்த வாயில் நீங்கள் சாராயத்தை ஊற்றினீர்கள்.

பக்கத்தில் உட்கார்ந்து வந்த சுமைக்காரர் சிலுவைமுத்து கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். அவர் மனைவி சகாயராணி என்னைப் பார்க்க வந்து சொன்னாள். இரண்டாவது வளைவிலேயே பிரேக் பிடிக்கவில்லையாம். “ஏலே முத்து, பிரேக்கு இல்லடா, மேல இருக்கவுங்களக் குதிக்கச் சொல்லு” என்று இவர் கத்தினாராம். பிரேக்கைச் சரிபார்க்கச் சொல்லி இவர் முதலாளியிடம் பத்து நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தது எனக்கே தெரியும். இதற்கெல்லாம் உங்கள் பாட்டில் இடம் இல்லையா?

இப்போது பள்ளிவாசல் பக்கத்து டீக்கடையில் என்ன பேசுகிறார்கள் தெரியுமா? “நோன்புல குடிச்சவனுக்கா நாம ஜனாஸா தொழுதோம்?” என்று கேட்கிறார்கள். அவரை அடக்கத்துக்குத் தோளில் சுமந்தவர்களே கேட்கிறார்கள். அச்சில் வந்துவிட்டதாம், அதனால் பொய்யாக இருக்காதாம்.

உங்கள் பிள்ளை இறந்ததை எழுதியிருந்தீர்கள். வருத்தம்தான். ஒன்று கேட்கிறேன். அந்தச் சாவுக்கு நீங்கள் சிந்து கட்டினீர்களா? ‘ஏன் நடந்தது’ என்ற இடத்தில் யார் பெயரைப் போட்டீர்கள்? உங்கள் மனைவி பெயரையா?

தாஹிரா

*

முருகன் துணை
எரியோடு
20-4-64

தாஹிரா அம்மாளுக்கு,

என் பிள்ளையை இழுத்திருக்க வேண்டாம். நான்கு வாரம் பதில் எழுதாமல் இருந்ததற்கு அதுதான் காரணம். கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன். கட்டவில்லை. கட்ட வரவில்லை.

நோன்பு சங்கதி எனக்குத் தெரியாது. விபத்தான மறுநாள் மலையடிவாரத்து டீக்கடையில் உட்கார்ந்து எழுதினேன். லாரி முதலாளியின் கணக்குப்பிள்ளை வந்தார். டிரைவர் போதையில் இருந்தான் என்று சொன்னதும் அவர்தான், அட்டையில் போட நொறுங்கிய லாரியின் போட்டோ கொடுத்ததும் அவர்தான். கேட்ட சேதியைப் பாடினேன். நான் என்ன போலீஸா?

ஆனாலும் வரியை மாற்ற முடியாது. இந்தச் சிந்தைக் கேட்டு வேடசந்தூரில் ஒருவன் கள்ளச்சாராயத்தை விட்டிருக்கிறான். அவன் பெண்சாதி என் காலில் விழுந்து கும்பிட்டாள். மதுவிலக்குக் கூட்டத்தில் எனக்குத் துண்டு போர்த்தினார்கள். செத்தவர் ஒருவர் பெயரால் உயிரோடு இருக்கிற நூறு குடும்பம் நன்றாக இருக்குமென்றால் அதை நல்லதாகத்தான் பார்க்க வேண்டும். எதிலும் நல்லதைப் பார்க்கிறவனுக்குத்தான் பாட்டு வரும். உங்களுக்கு அந்தக் குணம் இல்லை. உங்கள் கடிதத்தைப் படித்தால் அன்றைக்குத் தொண்டை கட்டிக்கொள்கிறது.

இனி எழுத வேண்டாம்.
உடையப்பன்

*

(அஞ்சல் அட்டை)
பேகம்பூர், 28-4-1964

எரியோடு சிரித்தமுகம் உடையப்பனுக்கு,

இதைக் கார்டில் எழுதுகிறேன். உங்கள் ஊர்த் தபால்காரரும் படிக்கட்டும்.

நூறு குடும்பம் பிழைக்க உங்கள் பெயரைக் கொடுத்திருக்கலாம். உடையப்பன் குடித்தான் என்று பாடியிருந்தாலும் அந்த ஆள் சாராயத்தை விட்டிருப்பான்.

மாற்ற முடியாது என்றீர்கள். என்னால் முடிந்தது. உங்கள் மெட்டுதான்.

சிறுமலை வளைவினிலே – காலைச்
சில்லென்ற பொழுதினிலே
நோன்பிருந்த நூர் அகமது – மிதித்த
பிரேக்குத்தான் பிடிக்கலையே

ஜூன் பத்தாம் தேதி என் இத்தா முடிகிறது. அதற்குப் பிறகு வரும் திண்டுக்கல் சந்தைக்கு நானே வருவேன்.

தாஹிரா

*

முருகன் துணை
எரியோடு
30-5-64

தாஹிரா அம்மாளுக்கு,

நீங்கள் நினைத்தது நடந்தது. எங்கள் தபால்காரர் அந்தக் கார்டை என்னிடம் கொடுக்குமுன் டீக்கடையில் வைத்து, என் மெட்டிலேயே பாடிக் காட்டிவிட்டார். மாடு மேய்க்கிற பிள்ளைகள் வரை பாடுகின்றன. “என்னப்பு, பிரேக்கு பிடிக்கலையாமே?” என்று என்னைப் பார்த்தவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். என் ஊரில் நான் தலைகுனிந்து நடந்தது இதுதான் முதல் தடவை.

பிறகு திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சிலுவைமுத்துவைப் பார்த்தேன். அவர் சொன்னதை இங்கே மறுபடி எழுத வேண்டியதில்லை. கணக்குப்பிள்ளையை நம்பியது என் தவறு.

ஆயக்குடியிலும் ஒட்டன்சத்திரத்திலும் உங்கள் வரியைத்தான் பாடினேன். கூட்டம் குறைவுதான், ஆனால் மனசுக்குத் திருப்தியாக இருந்தது. புதுப் புத்தகம் அச்சாகும் வரை பழையதைத்தான் கையில் வைத்திருக்கிறேன், ஆனால் வாயால் பாடுவது உங்கள் வரி. இது முருகன்மேல் ஆணை. ஆகவே தாங்கள் சந்தைக்கு வந்து நாலு பேர் முன்னால் என்னை நிறுத்த வேண்டாம். கெட்டதிலும் ஒரு நல்லது, உங்களுக்குப் பாட்டுக் கட்ட வருகிறது. அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

உடையப்பன்

*

786
பேகம்பூர்
17-6-1964

உடையப்பன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை நான் நம்பினேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மாமியாரிடம் படித்துக் காட்டினேன். அவர் அழுதுவிட்டு, “விட்டுரு தாஹிரா, மனுசன் ஒத்துக்கிட்டான்ல” என்றார். விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். திங்கட்கிழமை சந்தைக்கு வந்தது உங்களை நிறுத்திக் கேட்க இல்லை. என் வரியை இன்னொருவர் வாயால் ஒரு தடவை கேட்க ஆசைப்பட்டேன். ஜெய்தூனையும் அழைத்துவந்தேன்.

வெள்ளைத் துப்பட்டியால் தலையோடு காலாகப் போர்த்திக்கொண்டு பூக்காரிகள் பக்கம் நின்றேன். நீங்கள் நன்றாகத்தான் பாடுகிறீர்கள். ‘நோன்பிருந்த நூர் அகமது’ என்று நீங்கள் இழுத்தபோது ஜெய்தூன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். நான்கு மாதத்தில் அந்தப் பெயரை ஒருவர் மரியாதையாகச் சொல்லிக் கேட்டது அப்போதுதான்.

மலைச்சாமி என்று யாரோ கூப்பிட்ட தக்காளிக் கூடைக்காரர்தான் முதலில் கேட்டார். “இது என்னப்பு சப்புன்னு இருக்கு? அந்தச் சாராயப் பாட்டப் பாடு.” இன்னும் இரண்டு பேர் கேட்டார்கள். ஓரத்தில் நின்றவர்கள் கிளம்பத் தொடங்கினார்கள். நீங்கள் சுற்றும் முற்றும் பார்த்தீர்கள். என்னைத்தான் தேடினீர்கள் என்று நினைக்கிறேன். துப்பட்டி போட்ட பெண்கள் ஏழெட்டுப் பேர் நின்றோம். பிறகு சிரித்தீர்கள், கஞ்சிராவை உயர்த்தினீர்கள், பழையதைப் பாடினீர்கள்.

கிளம்பியவர்கள் திரும்பி வந்தார்கள். ஜெய்தூன் என் கையை இழுத்து, “அம்மா, அவரு தப்பாப் பாடுறாரும்மா. போய்ச் சொல்லிக் கொடுக்கட்டுமா?” என்றாள். நான் கட்டிய வரிதான் சரி என்று அவளுக்கு இரண்டு மாதமாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். வேண்டாம் என்றேன். மூன்று மாதம் நான் சொல்லி வராதது அவள் சொல்லியா வரப்போகிறது?

நாலு பேர் முன்னால் உங்களைப் பெயர் சொல்லிக் கேட்கத் தெம்பு இருந்தது. ஆனால் பார்த்தபோது ஒன்று புரிந்தது. கணக்குப்பிள்ளை சொன்னார், பாடினீர்கள். தபால்காரர் சிரித்தார், மாற்றினீர்கள். கூடைக்காரர் கேட்டார், மறுபடி மாற்றினீர்கள். நான் கேட்டிருந்தால் அன்றைக்கு மட்டும் எனக்காகப் பாடியிருப்பீர்கள். அந்தப் பாட்டு எனக்கு எதற்கு?

எங்கள் தெருவில் இப்போது பிள்ளைகள் எல்லாம் ஜெய்தூன் பாடுவதைத்தான் பாடுகிறார்கள். பள்ளிவாசல் டீக்கடை வாசலிலும் பாடுகிறார்கள். அவர்களுக்குக் கூட்டம் கலைந்துவிடும் என்ற பயம் இல்லை.

இதோடு உங்கள் புத்தகம் ஒன்றை வைத்து அனுப்புகிறேன். திங்கட்கிழமை உங்கள் கையாலேயே வாங்கியதுதான். கூட்டம் கலைந்த பிறகு நான் நேராக உங்கள் முன்னால் வந்து நின்று கையை நீட்டினேன். நீங்கள் கொடுத்தீர்கள். துப்பட்டிக்குள் என் முகம் உங்களுக்குத் தெரியவில்லை. இருந்தாலும் சொன்னீர்கள்:

“சிரிச்ச முகமா இருங்க தாயி.”

தாஹிரா