வெள்ளைப் பூவும் இரண்டு வண்டிகளும்

இப்போதும் என்னோடு வாதாடிக்கொண்டே இருக்கும் மாப்ளைக்கு,

போடியின் வரலாற்றில் இடம்பெற வேண்டிய ஒரு முடிவை இந்த ஆனி மாதம் நம் குடும்பம் எடுத்தது. ஒரு வண்டி வாங்கினோம். நீ இருந்திருந்தால் டீ ஆறுவதற்குள் முடிந்திருக்கும் காரியம். நீ இல்லாததால் தையில் ஆரம்பித்து ஆனி வரை பேச வேண்டியிருந்தது.

உன் பழைய ஜீப்பு உனக்குப் பிறகு அதிக நாள் இருக்கவில்லை. நாங்கள் வைத்த டிரைவர் அதை மலையுச்சிக் கணவாயான மெட்டுக்கு ஏறும் சாலையில் ஒரு வளைவில் நிறுத்தினார். பிறகு அது நகரவில்லை. அதிலிருந்து மலைமேல் இருக்கும் ஏலக்காய்த் தோட்டத்துக்கு உன் மனைவி, என் தங்கச்சி செல்லத்தாய், வாடகை ஜீப்பில் ஆட்களோடு ஆளாக நசுங்கிப் போய்வந்தாள். பார்க்கச் சகிக்கவில்லை என்றார் உன் அண்ணன். அதற்கு அவர் கண்ட வழி, தோட்டத்தையே குத்தகைக்கு விட்டுவிடுவது. கட்டப்பனைப் பார்ட்டி ஒருவர் எப்போது சாவி தருவீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஆனி முடியிறதுக்குள்ள ஒரு வண்டி வாசல்ல நிக்கணும் தாயி. இல்லேன்னா குத்தகைதான். காயெடுப்பு நேரத்துல ஒன்னைய அலையவிட முடியாது" என்று உன் அண்ணன் கெடு வைத்தார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். நீயும் அவளும் சேர்ந்து நட்ட செடிகளை இன்னொருவர் பறிக்க, டவுனில் உட்கார்ந்து அவள் என்ன செய்வாள்? தோட்டம் போனால் அவளிடம் மிச்சம் என்ன? நாங்கள் அதைப் பேசவில்லை. வண்டியைப் பற்றித்தான் பேசினோம்.

போட்டியில் இரண்டு வண்டிகள். ஒன்று மதுரையில் விலைக்கு வந்த நீள ஜீப்பு, மேலே தார்ப்பாய். அது உன் அண்ணன் கட்சி. மூட்டை ஏற்றலாம், மூட்டைமேல் ஆளை ஏற்றலாம், அந்த ஆட்களுக்குப் பின்னால் மேலும் சிலர் தொங்கலாம் என்பது அவர் வாதம். மற்றது கோவையில் புதிதாக வந்திறங்கிய பெட்டி வண்டி. இரும்புக் கூரை, எல்லாப் பக்கமும் கதவு, குடும்பத்துக்கு என்றே செய்தது. அது என் கட்சி. நூலகத்தில் கிடைத்த ஆங்கில மோட்டார் பத்திரிகைகளைப் படித்து, அந்த வண்டி எவ்வளவு சிறிய வட்டத்தில் திரும்பும் என்று தரையில் கோடு போட்டு விளக்கினேன். உன் அண்ணன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதுல தொங்க எடம் இருக்கா மச்சான்?" என்றார். பத்திரிகையில் அது போட்டிருக்கவில்லை.

கடைசியில் செல்லத்தாயையும் கூட்டிக்கொண்டு போய் மாரியம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பது என்று ஆயிற்று. இலைக்குள் வைத்து ஒரு பொட்டலம் வெள்ளைப் பூ, ஒரு பொட்டலம் சிவப்புப் பூ. நம் வழக்கம் உனக்குத் தெரியும். எந்தப் பூ எதற்கு என்பதை மனதுக்குள் நினைத்துக்கொள்ள வேண்டும், வாய்விட்டுச் சொன்னால் பலிக்காது. நாங்கள் வழக்கத்தைத் துளியும் மீறவில்லை.

பூசாரி ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை. உன் அண்ணன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நானும் போட்டுக்கொண்டேன். அவர் என் கையைப் பிடித்து மனசு நிறைந்துவிட்டது என்றார். தோற்றவருக்கு இத்தனை பெருந்தன்மையா என்று நான் வியந்தேன். அவரும் அதையேதான் வியந்திருக்கிறார். விடிந்ததும் மதுரைக்குப் போகலாம் என்று அவர் சொன்ன பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

இன்னொரு தடவை கட்டச் சொன்னோம். பூசாரி மறுத்துவிட்டார். "ஆத்தாகிட்ட ஒருக்கத்தான் கேக்கலாம். ரெண்டு பேருக்கும் வெள்ளைன்னா ரெண்டையும் வாங்குங்க."

அப்போதுதான் செல்லத்தாய் வாயைத் திறந்தாள். "நானுந்தான் ஒண்ணு நெனச்சேன் அண்ணே. வெள்ளை வந்தா வண்டிய நானே பாத்து எடுக்குறது. நானே ஓட்டுறது."

"ஒனக்கு எங்க தாயி ஓட்டத் தெரியும்?" என்றார் உன் அண்ணன்.

"அவுக சொல்லிக்குடுத்தாக. மெட்டுக்கு மேல நாந்தான் ஓட்டுவேன் பெரிய மச்சான். கீழ எறங்கையில மெட்டுல எடம் மாத்திக்கிருவோம்."

பல வருஷம் எங்களுக்கு எதிரே நீ ஓட்டிக்கொண்டு வந்து இறங்கியதெல்லாம் பாதி நாடகமா? ஏன் சொல்லவில்லை? நாங்கள் சிரிப்போம் என்றா, தடுப்போம் என்றா? இரண்டும் செய்திருப்போம். அவள் உண்மையிலேயே சந்நிதியில் அப்படி நினைத்தாளா, எங்களைப் பார்த்த பிறகு நினைத்தாளா? அதையும் நான் கேட்கவில்லை.

இரண்டு வண்டிகளையும் வரவழைத்தோம். மைதானத்தில் முதலில் என் கட்சி வண்டியில் ஏறினாள். பானெட்டு உயரத்தில் சாலையோரம் தெரியவில்லை என்று இறங்கிவிட்டாள். ஜீப்பில் ஏறி, முதுகுக்குப் பின்னால் ஒரு போர்வையை மடித்து வைத்து, வெளியே தலையை நீட்டிப் பார்த்தாள். "முன்சக்கரம் தெரியுது. இது போதும்."

உன் அண்ணன் என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது. ஆனால் வண்டி வீட்டுக்கு வந்ததும் அவள் செய்த முதல் காரியம், பின்னால் தொங்குகிறவர்கள் நிற்கும் பலகையைக் கழற்றச் சொன்னது. அதற்குப் பிறகு அவர் பார்க்கவில்லை.

லைசென்ஸ் வந்ததும் எங்களை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போனாள். உன் அண்ணன் முன்னால் உட்கார்ந்து முருகனைக் கூப்பிட்டபடி வந்தார். நான் பின்னால், வளைவுக்கு வளைவு கண்ணை மூடினேன். மெட்டு வந்ததும் தன்னையறியாமல் வண்டியை நிறுத்தினாள். நீங்கள் இருவரும் இடம் மாற்றிக்கொண்ட இடம். பிறகு மறுபடி எடுத்தாள். மாப்ளே, நீ போனதிலிருந்து என் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஒன்று அன்றைக்கு இறங்கியது. நீயும் கொஞ்சம் ஓய்வெடுக்கலாம்.

உனக்கு ஒரு வாக்கு தருகிறேன். அவள் ஓட்டும்போது பின்சீட்டிலிருந்து ஒரு வார்த்தை யோசனை சொல்ல மாட்டேன், பத்திரிகையில் எத்தனை படித்திருந்தாலும்.

இந்த வருஷம் முதல் பறிப்புக் காயை அவளே ஓட்டிவந்து போடியில் ஏலத்துக்கு இறக்கினாள். கட்டப்பனைப் பார்ட்டி வேறு தோட்டம் பார்த்துக்கொண்டார்.

உன் தோழனும் செல்லத்தாய்க்கு அண்ணனுமான,
உன் மச்சான்