முகங்கள் சிவந்திருந்த ஒரு வருடம்

அக்கா,

இன்று மத்தியானம் ஹாலில் அட்டைப்பெட்டியைப் பிரித்ததும் புது டிவியின் வாசனை வந்தது. சூடேறாத பிளாஸ்டிக், வெள்ளை நுரைக்கட்டி, கொஞ்சம் பசை. ஷா ஆலம் தொழிற்சாலையில் வேலை முடிந்து நீ வரும்போது உன் சீருடையில் இதே வாசனைதான் இருக்கும். கையில் இருந்த கத்தரிக்கோலை வைத்துவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

வாங்கிக் கொடுத்தது தர்ஷினி. என் மகள்தான், ஆனால் உன் மகளோ என்று எனக்கே பல நாள் சந்தேகம் வந்ததுண்டு. சுபாங் ஜெயாவிலிருந்து காரில் ஏற்றிக்கொண்டு வந்து, பதினான்கு வருடம் உழைத்த பழைய டிவியைக் கழற்றிவிட்டு, புதியதை மாட்டினாள். படம் வந்ததும் நாலடி பின்னால் போய் நின்று, தலையை இடப்பக்கம் சாய்த்து, ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். அப்படியே நீ. நான் பெற்றவள் உன்னைப்போல் நிற்கிறாள். நீ போய் மூன்று வருடமாகியும் எனக்குள்ளே சுருக்கென்றது.

அந்தத் தொழிற்சாலையில் இருபது வருடம் உனக்குப் படம் பார்க்கும் வேலை. வரிசையாக நகர்ந்து வரும் டிவிகளில் நிறம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து அனுப்ப வேண்டும். சரியில்லாத ஒன்றைக்கூட நீ விட்டதில்லை என்று உன் சூப்பர்வைசர் நம் அம்மாவிடம் சொன்னாராம். கிள்ளானில் சொந்தக்காரர் யார் வீட்டுக்குப் புது டிவி வந்தாலும் உன்னைத்தான் கூப்பிடுவார்கள். கடையில் கண்ணைப் பறிப்பதற்காக ஏற்றி வைத்திருக்கும் வெளிச்சத்தைக் குறைப்பாய். நீலத்தைத் தணிப்பாய். செய்தி வாசிப்பவரின் முகம் வரும்வரை காத்திருப்பாய். "முகத்தப் பாரு. முகம் சரியா வந்துட்டா மத்ததெல்லாம் தானா வந்துரும்" என்பாய்.

அந்தத் திறமையில் எனக்குப் பொறாமை இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில்தான் பொறாமை. நீ கிள்ளானிலிருந்து ரயிலேறி, சென்ட்ரல் ஸ்டேஷனில் இறங்கி, பிரிக்பீல்ட்ஸில் எங்கள் ஃப்ளாட்டுக்கு நடந்து வருவாய். காலை எட்டு மணியிலிருந்தே தர்ஷினி ஜன்னலில் நிற்பாள். வாரம் முழுக்க ஆபீசிலிருந்து களைத்து வரும் எனக்காக அவள் ஒருநாளும் ஜன்னலுக்குப் போனதில்லை. பிள்ளை இல்லாத உனக்கு அவள் ஓர் ஆறுதல் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்ப் பாத்திரத்தை ஓசை வர வைப்பேன்.

பன்னிரண்டாவது வயதில் அவள் பெரியவளானாள். அதை முதலில் உனக்குத்தான் போன் செய்து சொன்னாள். நான் பத்தடி தூரத்தில் சாம்பாருக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். நீ என்னைப் போனில் அழைத்து, "அவ பயந்து போயிருக்கா, போய்ப் பக்கத்துல உக்காரு" என்றாய். என் பிள்ளையிடம் போகச் சொல்லி எனக்கே நீ சொல்ல வேண்டியிருந்தது. அதை என்னால் பொறுக்க முடியவில்லை, அக்கா.

அந்த மாதம்தான் இந்தப் பழைய டிவியை வாங்கினோம். ஞாயிற்றுக்கிழமை வந்து சரிசெய்து தருவதாகச் சொன்னாய். சரி என்றேன். சனிக்கிழமையே கடையிலிருந்து ஆளை வரவழைத்து மாட்டிவிட்டேன். பத்து நிமிடத்தில் வேலையை முடித்துவிட்டு அவர் போய்விட்டார்.

மறுநாள் நீ கைப்பையில் திரை துடைக்கும் துணியோடு வந்தாய். டிவி ஓடிக்கொண்டிருந்தது. செய்தி வாசித்த பெண்ணின் முகம் அறை வாங்கியதைப்போலச் சிவந்திருந்தது.

"யாரு போட்டா?" என்று கேட்டாய்.

"கடைக்காரங்க. உனக்கு எதுக்கு வீண் சிரமம்னுதான்."

தர்ஷினி ஓடிப்போய் ரிமோட்டை எடுத்து உன் கையில் கொடுத்தாள். நீ என்னைப் பார்த்தாய். நான் துணி மடிப்பதை நிறுத்தவில்லை. ரிமோட்டை அவள் மடியில் வைத்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு லா, கண்ணு" என்றாய். எந்தத் தவறான நிறத்தையும் விடாத நீ எனக்காக அன்று பொய் சொன்னாய்.

அதன் பிறகு ஒரு வருடம் எங்கள் வீட்டில் எல்லோர் முகமும் சிவப்புதான். நானே ரிமோட்டை வைத்துத் துழாவிப் பார்த்தேன். முகங்கள் பச்சையாகின, பிறகு மறுபடியும் சிவந்தன. "உங்கக்காவ கூப்பிடேன்" என்று கணவர் சொன்னால், "உங்க கண்ணுலதான் கோளாறு" என்பேன். நீயோ வாராவாரம் வந்தாய், டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாய். அடுத்த தீபாவளிக்கு வீடு நிறைய ஆட்கள் வருவார்கள் என்ற வெட்கத்தில்தான், கொஞ்சம் பார்த்துக் கொடு என்று கேட்டேன். ஐந்தே நிமிடத்தில் சரிசெய்தாய். ஏன் இவ்வளவு நாள் கேட்கவில்லை என்று நீ கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பேன். நீ கேட்கவில்லை.

கடைசியில் கிள்ளான் ஆஸ்பத்திரியில், உனக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது சொன்னேன். "பொறாமைக்கா. அதனாலதான் கடை ஆளக் கூப்பிட்டேன்."

நீ வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுச் சொன்னாய். "தெரியும். எனக்கும் உன்மேல இருந்துச்சு. நான் ரயிலேறிப் போயிருவேன். அவ ஒங்கூடதானே தூங்குவா."

மீதிக் கஞ்சியையும் குடித்தாய்.

இன்று தர்ஷினி ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "அம்மா, இது கடையில வெச்ச மாதிரியே இருக்கு. நான் மாத்தட்டுமா?" என்றாள். "நீ வாங்குன டிவிதானே, என்னை எதுக்குக் கேக்குற?" என்றேன்.

"பெரியம்மா சொல்லியிருக்காங்கம்மா. பழைய டிவி வந்த அந்த ஞாயித்துக்கிழமை ஸ்டேஷன் வரைக்கும் நான் கூடப் போனேன்ல, அப்ப சொன்னாங்க. அது அம்மா வீட்டு டிவி, அம்மாவ கேக்காம நீ தொடக்கூடாதுன்னு."

பதினான்கு வருடமாக இது எனக்குத் தெரியாது. மாத்து என்றேன். அவள் நிதானமாக மாற்றினாள். நான் பக்கத்திலேயே நின்றேன். அழுகை வந்தது, ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன்: முதலில் வந்தது அழுகை இல்லை. என்னை மதிக்க என் மகளுக்குக் கற்றுக்கொடுத்தவளும் நீதானா என்ற பொறாமைதான் முதலில் வந்தது. அது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, அக்கா. இறக்கி வைக்க மனமில்லை.