ஆம்ப்ளிஃபயருக்கு வைத்த பொட்டு

14 செப்டம்பர் 2025, ஞாயிறு

என் கிட்டாருக்கு வாங்கிய ஆம்ப் வீட்டுக்கு வந்து ஒன்பது நாள் ஆகிறது. இன்னமும் எழுந்ததும் முதலில் அது இருந்த இடத்தில் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறேன்.

காலையில் அம்மா மாவு அரைக்கக் கிரைண்டரைப் போட்டாள். உடனே நான் ஆன் செய்து வைத்திருந்த ஆம்ப்பும் ‘ங்ங்ங்’ என்றது. இரண்டுக்கும் ஒரே கரண்ட் லைன்.

“இன்னாடி உன் பொட்டி, என் கிரைண்டரோட சண்டைக்கு நிக்குது?”

சண்டையில்லை அம்மா, கூடப் பாடுகிறது. இதைச் சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. நான் நினைப்பதில் பாதிதான் வாய்க்கு வரும். அந்தப் பாதியும் பஸ் போன பிறகுதான் வரும்.

மத்தியானம் பின்பக்க மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். சிப் கிடையாது. ஐந்து கண்ணாடி டியூப்களும், அவற்றுக்குக் கீழே ஒயர்களும்தான். தாம்பரம் சானடோரியத்தில் என் கம்பெனியில் நான் நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் சரிபார்ப்பது மெஷின் வைத்த சால்டரை, ஒயரை ஒட்டவைக்கிற ஈயப் பொட்டுகளை. இதில் நூற்று எண்பத்தாறு இடத்தில் சால்டர், எண்ணிவிட்டேன். எல்லாம் ஒரு ஆளின் கை. சிட்லபாக்கத்து மாடி வீட்டில், இதைச் செய்து விற்ற மிருதுளா அக்கா தனியாக உட்கார்ந்து வைத்தது. ஒயர்களை மெழுகு நூலால் பூக்கட்டுகிற மாதிரி சேர்த்துக் கட்டியிருக்கிறாள். வருடத்துக்கு ஆறு செய்வாள், அதற்கு மேல் முடியாதாம். என்னுடையது பதினேழாவது. உள்ளே பென்சிலில் ‘17’ என்று எழுதியிருக்கிறது.

நூற்று எண்பத்தாறில் ஒன்றைக்கூட ரிஜெக்ட் செய்ய முடியவில்லை. மூடியைத் திரும்ப மாட்டவே மனம் வரவில்லை.

16 செப்டம்பர், செவ்வாய்

இன்றும் வால்யூம் ஒன்றில்தான். சுவருக்கு அந்தப் பக்கம் பேபி அக்கா வீடு. கேட்டுவிட்டால்?

20 செப்டம்பர், சனி

அம்மா மாவு பாக்கெட் போடக் கடைகளுக்குப் போயிருந்தாள். அப்பா ஷேர் ஆட்டோவில். வீட்டில் நானும் ஆம்ப்பும் மட்டும். இரண்டு மணி நேரம்.

எப்படி எழுதுவது? ஆம்ப்பின் முதல் சேனலில் கம்பியை மெதுவாகத் தொட்டால் எவர்சில்வர் டம்ளரைச் சுண்டின மாதிரி ஒரு சுத்தம். அதே கம்பியைக் கொஞ்சம் அழுத்தி அடித்தால் தொண்டை கரகரக்கிறது. நான் எதையும் திருப்பவில்லை, விரல் மட்டும்தான் மாறியது. இரண்டாவது சேனலில் கம்பியை விட்ட பிறகும் சத்தம் நிற்காமல் நீள்கிறது, தாம்பரம் தாண்டிப் போகிற ரயிலின் ஹாரன் மாதிரி. கிட்டாரில் இருக்கிற குமிழைக் குறைத்தால் அதே ரயில் மறுபடி டம்ளராகிவிடுகிறது. இத்தனைக்கும் கிட்டார் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் நாலு கம்பியோடு கிடந்தது. அதற்குள் இவ்வளவு இருந்தது எனக்கே தெரியாது.

ஆம்ப் வாங்கப் போன நாளை நினைத்துக்கொண்டேன். வாங்குகிறவர் மிருதுளா அக்கா எதிரில் வாசித்துக் காட்ட வேண்டும், அது அவள் விதி. எனக்குக் கை ஓடவில்லை.

“என்னப் பாக்காத. சுவத்தப் பாத்து வாசி,” என்றாள். அப்படியே திரும்பி நின்று வாசித்தேன். கொஞ்ச நேரம் கழித்து, “வால்யூம ஏத்தேன்ப்பா, இது ஜெயில்ல இருக்கற மாதிரி இருக்கு,” என்றாள்.

ஒன்றரைக்கு ஏற்றினேன். சிரித்துவிட்டாள். கிளம்பும்போது மட்டும் முகத்தை மாற்றிக்கொண்டு, “ஒரே ஒரு விஷயம் மறக்காத. ஸ்பீக்கர் ஒயர் இல்லாம இத ஆன் பண்ணவே கூடாது. உள்ள வர்ற பவருக்குப் போக வழி இருக்காது. டிரான்ஸ்ஃபார்மர் எரிஞ்சுடும்,” என்றாள்.

30 செப்டம்பர், செவ்வாய்

பெருங்களத்தூரில் பஸ் நகரவே இல்லை. நாலு நாள் லீவுக்கு ஊரே தெற்கே போகிறது. நடந்தே வந்துவிட்டேன்.

1 அக்டோபர், புதன். ஆயுத பூஜை

இன்று நடந்ததை அப்படியே எழுதி வைக்க வேண்டும்.

கடைக்குப் போய் பொரி வாங்கிக்கொண்டு வந்தேன். கிரைண்டருக்குப் பொட்டு, தராசுக்குப் பொட்டு, அப்பாவின் ஆட்டோவுக்கு வாழைக்கன்று, மாலை. எல்லா வருடமும் உள்ளதுதான். நடுவில் என் ஆம்ப்! துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மேலே ஒரு முழம் சாமந்தி. ஸ்பீக்கர் பெட்டிக்குத் தனியாக ஒரு முழம்.

வைத்தது அம்மா.

காலேஜ் இரண்டாம் வருடம் அம்மா என் லேப்டாப்பை ஈரத்துணியால் துடைத்து, பாதி எழுத்து வேலை செய்யாமல் போயிற்று. நான் கத்தவில்லை, அழுதேன். அதுதான் இன்னும் மோசம். அதிலிருந்து நாலு வருடமாக என் மேஜைப் பக்கம் வருவதில்லை. பெருக்கும்போதுகூட ஒரு முழம் தள்ளியே பெருக்குவாள். “படிச்சவங்க சாமான். நமக்கு இன்னாத்துக்கு,” என்பாள். வீட்டில் முதலில் படித்தவள் நான்தான். அந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் படித்தது தப்போ என்று இருக்கும்.

“நீயாமா வெச்ச?”

“பின்ன? கரண்ட புடுங்கிட்டு, ஒயரெல்லாம் கழட்டி, காஞ்ச துணியால தொடச்சேன். ஈரத்துணி இல்ல, பயப்புடாத. திரும்பி சொருவிட்டேன். பின்னாடி ஓட்டைங்களாண்ட கூட ரெண்டு பொட்டு வெச்சிக்கீறேன், போய்ப் பாரு.”

அப்பா எட்டிப் பார்த்தார். “ஆட்டோக்கு ஒரு மால, பொட்டிக்கு ரெண்டு மாலையா? இந்த வூட்ல சம்பாரிக்கிறது யாரு?”

“அது பாடுது. உன் ஆட்டோ பாடுமா? இருமுது!”

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. பூஜையில் வைத்ததை இன்று தொடக் கூடாது. நாளைக்கு.

2 அக்டோபர், வியாழன்

போச்சு.

அம்மாதான் போடச் சொன்னாள். விஜயதசமி, நல்ல நாள், தொடு என்றாள். முதல் சுவிட்சைப் போட்டு இரண்டு நிமிடம் காத்திருந்தேன், டியூப் சூடாக. ஐந்தும் ஆரஞ்சாக எரிந்தன. இரண்டாவது சுவிட்ச். வாசித்தேன். சத்தமே இல்லை.

கிட்டார் ஒயர் சரியாகத்தான் இருந்தது. வால்யூமை ஏற்றினேன். மூன்று. ஐந்து. அம்மா ஈரக்கையோடு பார்த்துக்கொண்டே நிற்கிறாள். ஏழு. பத்து. என் வாழ்க்கையில் முதல்தடவை பத்து வரைக்கும் திருப்பி, பலம்கொண்ட மட்டும் அடித்தேன். ஒன்றுமில்லை. ஒரு டியூபுக்குள் நீலமாக ஏதோ மின்னியது. அப்புறம் வார்னிஷ் கருகுகிற நாத்தம். எல்லாம் அணைந்துவிட்டது.

“இன்னா ஆச்சி? நான் ஏதாவது…”

“இல்லமா. உள்ள ஒரு பல்பு போயிருக்கும். அடிக்கடி போவும்.”

எப்படி அவ்வளவு சீக்கிரம் பொய் வந்தது? எப்போதும் தாமதமாக வருகிற வாய்தானே எனக்கு?

அம்மா தண்ணீர் பிடிக்கப் போனதும் பின்னால் பார்த்தேன். வரிசையாக ஓட்டைகள், எல்லாம் ஒரே அளவு. ஸ்பீக்கர் ஒயர் அதன் ஓட்டையில் இல்லை, பக்கத்து ஓட்டையில் இருந்தது. அதைச் சுற்றிக் குங்குமம், அம்மாவின் விரல் ரேகையோடு. பார்த்துப் பார்த்து வைத்த பொட்டு.

துடைத்துவிட்டேன். யாருக்கும் தெரியக் கூடாது. தெரிந்தால் அம்மா இனி என் பொருள் எதையும் தொட மாட்டாள். இந்தத் தடவை நாலு வருடத்தோடு போகாது.

4 அக்டோபர், சனி

அப்பா ஆட்டோவிலேயே சிட்லபாக்கம். அவரை வாசலில் நிறுத்திவிட்டு நான் மட்டும் மேலே போனேன். அக்கா மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“ஸ்பீக்கர் இல்லாம ஓடிருக்கு.”

சொன்னேன். பூஜை, துணி, பொட்டு, லேப்டாப், எல்லாம். அவ்வளவு நீளமாக யாரிடமும் பேசியதில்லை.

“சத்தம் வரலன்னா ஃபர்ஸ்ட் ஆஃப் பண்ணணும் ஓவியா. பத்து வரைக்கும் ஏத்துவியா? என் முன்னாடி ஒன்றரைக்கு மேல போகல நீ!”

ஆமாம். அம்மா மாற்றிச் சொருகியிருந்தாலும், நான் உடனே அணைத்திருந்தால் ஒருவேளை ஒன்றும் ஆகியிருக்காது. ஏற்றியது நான். அது எனக்கு உறைக்கவே இல்லை, இரண்டு நாளாக.

டிரான்ஸ்ஃபார்மரைப் புதிதாகச் சுற்றி வர நாலு வாரமாம். அதே சத்தம் வருமா என்றேன். “தெரியாது. ஒண்ணு மாதிரி ஒண்ணு வராது,” என்றாள்.

வாசற்படியில் நின்று, “அக்கா, அம்மாகிட்ட மட்டும் சொல்லாதீங்க,” என்றேன்.

“நானா போய்ச் சொல்ல மாட்டேன். கேட்டா பொய்யும் சொல்ல மாட்டேன்.”

12 அக்டோபர், ஞாயிறு

மாவு வாங்க வந்த பேபி அக்கா அம்மாவிடம் கேட்டாள்: “இன்னா, பத்து நாளா பொண்ணு வாசிக்கவே இல்ல? சாயங்காலம் துணி மடிக்கசொல்ல கேட்டுகினு இருப்பேன். இப்ப பேஜாரா கீது.”

நான் உள்ளறையில் அசையாமல் நின்றேன். ஒன்றில் வைத்தும் கேட்டிருக்கிறது! முதல் நாளிலிருந்தே.

“பல்பு போச்சாம்,” என்றாள் அம்மா. கொஞ்சம் நிறுத்தி, “அப்டின்னு சொல்றா,” என்றாள்.

18 அக்டோபர், சனி

மழை. ஆம்ப் இருந்த இடத்தைச் சுற்றி அம்மா ஒரு முழம் தள்ளியே பெருக்குகிறாள். இப்போது அங்கே ஒன்றுமே இல்லை.

2 நவம்பர், ஞாயிறு

மிருதுளா அக்கா வரச் சொல்லிவிட்டாள். நானும் வருகிறேன் என்று அம்மா கிளம்பிவிட்டாள். “ரெண்டு பொட்டி, நீ ஒருத்தியா எப்டி தூக்குவ?” நாலைந்து காரணம் சொன்னேன். கேட்கவில்லை. புடவை மாற்றி, பூ வைத்து, அக்காவுக்கு ஒரு பாக்கெட் மாவு எடுத்துக்கொண்டாள்.

ஆம்ப் மேஜையில் பின்பக்கம் காட்டி இருந்தது. அம்மா உட்காரவில்லை. நேரே அதனிடம் போய்க் குனிந்து பார்த்தாள்.

“நான் ரெண்டு பொட்டு வெச்சேன். ஒண்ணு கீது. ஒண்ணு எங்க?”

அக்கா என்னைப் பார்த்தாள்.

“கிரைண்டர்ல கீது. தராசுல கீது. ஆட்டோல மழ பேஞ்சும் கீது. வெச்ச பொட்ட யார்னா தொடைப்பாங்களா? நீ தொடச்ச. ஏன் தொடச்ச ஓவி?”

“நீ ஒயர மாத்தி சொருவிட்டமா.” சொல்லிவிட்டேன். “ஆனா எரிச்சது நான். பத்து வரைக்கும் ஏத்தினது நான்தான்.”

அம்மா கையைப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். ஈரமே இல்லாத கை. ஒரு அடி பின்னால் போனாள். அதைத்தான் நான் ஒரு மாதமாகப் பயந்துகொண்டிருந்தேன்.

“ஆன்ட்டி, இங்க வாங்க,” என்றாள் அக்கா. “தப்பு என்னோடதும்தான். எல்லா ஓட்டையும் ஒரே சைஸ்ல பக்கத்துல பக்கத்துல வெச்சது யாரு? எனக்குத் தெரியுங்கறதால எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சுட்டேன். பதினாறு பேர் வாங்கினாங்க, ஒருத்தரும் சொல்லல. உங்களாலதான் புத்தி வந்துச்சு. இப்ப பாருங்க.”

ஸ்பீக்கருக்கு வேறு ஒயர், வேறு முனை. தடியாக, நீலமாக, ஒரே ஒரு ஓட்டையில்தான் போகும். “நீங்களே போடுங்க.”

“வாணாம்மா.”

“போடுங்க ஆன்ட்டி. பிளக் வெளியதான் இருக்கு, கரண்ட் இல்ல.”

அம்மா என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். ஒயரை எடுத்துச் செருகினாள்.

“நிக்கலியே?”

“வலது பக்கம் திருப்பணும்.”

“குக்கர் மூடி மாதிரியா?” திருப்பினாள். டக் என்றது. இழுத்துப் பார்த்தாள், வரவில்லை. இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தாள்.

பிளக்கை மாட்டி, முதல் சுவிட்ச். டியூப்கள் சிவக்கிறவரை மூன்று பேரும் அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஏன் காத்திருக்க வேண்டும் என்று அம்மா கேட்டாள். சூடாகணும்மா என்றேன். இரண்டாவது சுவிட்ச். ஒன்றில் வைத்தேன்.

“கேக்கல,” என்றாள் அம்மா.

இரண்டு.

“பேபிக்கு மட்டும் நல்லா கேக்குது. எனக்குக் கிரைண்டர் சத்தத்துல இத்தினி நாளா ஒண்ணுமே கேக்கல. சத்தமா வையேன்டி.”

ஆறு. சுவரைப் பார்த்துத் திரும்பவில்லை, திரும்ப மறந்துவிட்டேன். ஒரே ஒரு கம்பி. அது அறை முழுக்க நிறைந்து, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து, என் விலா எலும்புக்குள் இறங்கியது. பழைய சத்தம் இல்லை. அடியில் இன்னும் கனம், மேலே இன்னும் வழவழப்பு. பெட்டியில் இவ்வளவு இருந்ததா? விரலை எடுக்கவே பயமாக இருந்தது.

அம்மா ஸ்பீக்கர் பெட்டிமேல் கை வைத்திருந்தாள். தானாக வைத்தாள், யாரும் சொல்லவில்லை.

“உள்ள யாரோ கீறாப்ல கீது,” என்றாள்.

9 நவம்பர், ஞாயிறு

பேபி அக்கா வாசலில் நின்று, “போன வாரம் வாசிச்சியே, அத்த வாசி,” என்றாள். நாலில் வைத்தேன். கதவைச் சாத்தவில்லை.

19 நவம்பர், புதன்

வேலை முடிய நேரமாகிவிட்டது. பெருங்களத்தூர் சிக்னலில் இருக்கிறேன், பத்து நிமிஷம் என்று அம்மாவுக்குப் போன் செய்தேன். வீட்டுக்குள் நுழையும்போது கிரைண்டர் ஓடவில்லை. அரிசி பாதி அரைந்து நின்றிருந்தது. என் மேஜையில் ஆம்ப்பின் சிவப்பு விளக்கு எரிந்தது. ஐந்து டியூபும் ஆரஞ்சாக. நீல ஒயர் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது, பக்கத்தில் புதுக் குங்குமம். முதல் சுவிட்ச் மட்டும் போட்டிருந்தது.

“சூடாயிடுச்சி,” என்றாள் அம்மா அடுப்படியிலிருந்து. “மூஞ்ச கழுவினு வா.”